வாசலுக்கு வராத வேட்பாளர்

அத்தியாயம் 14

பெர்சிஸ் வீட்டில் போன வாரம் மூண்ட சண்டை இன்னும் ஆறவில்லை. அவள் கட்சி அலுவலகத்துக்குப் போய், ரங்கூன் தாகேதா தொகுதியில் நிற்கப் பெயர் கொடுத்துவிட்டு வந்ததும், கூடப் பிறந்த தம்பி ஜேம்ஸ் வீடேறி வந்து குதித்ததும், "உன்ன யாரு வாசல்ல விடுவா அக்கா" என்று கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போனதும் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு நினைவிருக்கும். நினைவில்லாதவர்களுக்கும் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. இன்றைக்குத் தெரிய வேண்டியது கொஞ்சம்தான்.

பெர்சிஸ் தாகேதாவில் இலவச சவ வண்டிச் சங்கம் நடத்துகிறாள். பர்மாக்காரர், தமிழர், சீனர் என்று பார்க்காமல் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் போய் நிற்கிற ஆள் அவள். வண்டி ஓட்டுகிறவன் அவள் புருஷன் பிலிப். தம்பி ஜேம்ஸ் அந்த வட்டாரத்துக் கட்சிச் செயலாளர். இன்று சாயங்காலம் கமிட்டி கூடுகிறது. சீட்டு ஒன்று, கேட்கிறவர்கள் இரண்டு பேர். பெர்சிஸ், இல்லாவிட்டால் அரிசி மண்டி வைத்திருக்கும் ஊ தெய்ன் லுவின். பர்மாவில் மரியாதைக்கு ஆண் பேருக்கு முன்னால் ஊ, பெண் பேருக்கு முன்னால் டோ.

நாடு முழுக்கக் காற்று கட்சிப் பக்கம் வீசிக்கொண்டிருந்தது. நவம்பரில் விளக்குமாற்றை நிறுத்தினாலும் ஜெயிக்கும் என்று ரங்கூன் டீக்கடைகளில் பேசிக்கொண்டார்கள். ஆகவே எதிர்க்கட்சியோடு சண்டை கிடையாது. விளக்குமாறு யார் என்பதில்தான் சண்டை.

காலையில் மழை கொஞ்சம் விட்டிருந்தது. மோஹிங்கா என்கிற மீன் குழம்பு நூடுல்ஸ் கிண்ணம் ஒரு கையிலும் போன் இன்னொரு கையிலுமாக மகள் ஷீபா அடுப்படிக்கு வந்தாள். அவளுக்குத் தாமுவேயில் ஒரு போன் கடையில் வேலை. தமிழ் நன்றாகப் புரியும். பேச ஆரம்பித்தால் பாதியில் பர்மியத்துக்குத் தாவிவிடுவாள், அம்மாவைக்கூட மேமே என்றுதான் கூப்பிடுவாள். அம்மாவுக்காக இன்று லீவு போட்டிருந்தாள்.

"மேமே, இங்க பாருங்க. ஊ தெய்ன் லுவின் தெரு சுத்துறாரு. எவ்வளவு மாலை போட்டிருக்காங்க பாருங்க."

போனில் ஊ தெய்ன் லுவின் கழுத்தே தெரியாமல் மாலை போட்டுக்கொண்டு சிரித்தார். பக்கத்தில் குடையும் கையுமாக ஒரு வயதான அம்மாள். கட்சித் தலைமையகம் அனுப்பி வைத்த டோ மியா சான்.

தலைமையகம் இந்தத் தடவை ஒரு புது ஏற்பாடு செய்திருந்தது. சீட்டுக் கேட்கிறவர்கள் தங்களுக்குப் பிடித்த ஒரு தெருவுக்கு டோ மியா சானைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஜனங்கள் வாசலில் எப்படி வரவேற்கிறார்கள் என்று அந்தம்மாள் கண்ணால் பார்ப்பார், பார்த்ததைக் கமிட்டியில் சொல்வார். காலையில் ஊ தெய்ன் லுவின் முறை முடிந்தது. மத்தியானம் பெர்சிஸ் முறை.

பெர்சிஸ் போனை உற்றுப் பார்த்தாள்.

"எல்லாம் ஒரே கடை மாலை. ஒரே ஆளு காசு குடுத்து வாங்குனது. நமக்கு அதெல்லாம் வேணாம்."

"அப்ப நம்மகிட்ட என்ன இருக்கு?"

"நான் இருக்கேன்ல."

மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்த பிலிப் சிரித்தான். "உங்கம்மாவுக்குப் பயம்னு ஒண்ண ஆண்டவர் வைக்க மறந்துட்டாரு ஷீபா. அந்த எடத்துலயும் வாயத்தான் வச்சு அனுப்பியிருக்காரு."

"மேமே, இந்த டிரெஸ்ஸ மட்டும் மாத்துங்க. வெள்ளச் சட்ட, பழுப்பு லொஞ்சி. சாவுக்குப் போற மாதிரியே இருக்கு."

"சுத்தமா இருக்கா? அது போதும்."

வேறு நல்ல உடுப்பு அவளிடம் இல்லை என்பதுதான் உண்மை. நல்ல காரியத்துக்கு உடுத்திக்கொண்டு போக அவளை யார் கூப்பிட்டார்கள்? அந்த வட்டாரத்தில் பெர்சிஸ் நுழையாத வீடு குறைவு. ஆனால் ஒரு கல்யாணத்துக்கும் பத்திரிகை வந்ததில்லை. பிள்ளைக்குப் பேர் வைக்கிற அன்று அவள் எதிரே வந்தால் சிலர் செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்துகொள்வார்கள். ஜேம்ஸ் வீட்டிலேயே அவளுக்கென்று தனிச் சட்டம் உண்டு. வெளிக் குழாயில் கால் கழுவி, தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டு பிறகுதான் படியேற வேண்டும். அவள் அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். எடுத்துக்கொண்டாள். வலித்தது. வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சீட்டு ஆசை வந்ததும் அந்த வண்டியிலிருந்துதான். மழைக்காலத்தில் தாகேதாவின் தாழ்ந்த தெருக்களில் தண்ணீர் ஏறிவிடும், ஆஸ்பத்திரி வண்டி உள்ளே வராது. காப்பாற்றியிருக்கக்கூடிய ஆட்களைப் பெர்சிஸ் சவப்பெட்டியில் வைத்துத் தூக்கியிருக்கிறாள். செத்த பிறகு வருகிறவளாக இருந்தது போதும், அதற்கு முன்னால் வருகிறவளாக ஆக வேண்டும் என்று அவளுக்குள் ஒரு பிடிவாதம் உட்கார்ந்துவிட்டது. இந்தச் சீட்டைத் தவறவிட அவள் தயாராக இல்லை.

மத்தியானம் தூறலோடு தூறலாக டோ மியா சானைக் கூட்டிக்கொண்டு அவள் கால்வாயோரத் தெருவுக்குள் நுழைந்தாள். அவள் எத்தனையோ தடவை வந்த தெரு. பின்னால் ஜேம்ஸ், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, செயலாளர் என்ற முறையில் வந்தான். காலையில் மூக்கருகே வந்த மாலைப் பூக்கள் ஒத்துக்கொள்ளாமல் டோ மியா சானுக்குக் கண்ணெல்லாம் சிவந்து நீர் கோத்திருந்தது. அடிக்கடி கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்.

முதல் கதவைத் தட்டியதுதான் தாமதம். சொர்ணம்மாள் திறந்தாள். வெள்ளைச் சட்டையில் பெர்சிஸ். பக்கத்தில் கண் கலங்கிய ஒரு அந்நிய அம்மாள். பின்னால் தொங்கிய முகத்தோடு ஒரு ஆம்பிளை. சொர்ணம்மாள் வாயில் கை வைத்தாள்.

"யாரு போயிட்டா?"

"யாரும் போகலக்கா. நான் வந்த விஷயம் வேற..."

"மறைக்காத பெர்சிஸு. இந்தம்மா வீட்டுலயா? தெருவுக்குப் புதுசா குடி வந்தவங்களா?"

சொல்லிக்கொண்டே சொர்ணம்மாள் வெளியே வந்து டோ மியா சானின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள், நாங்கள் இருக்கிறோம் என்று பர்மியத்தில் சொன்னாள். பிறகு எதிர்வீட்டைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தாள்.

அந்த ஒரு குரல் போதுமானதாக இருந்தது. சாவு வீட்டில் ஆளாளுக்கு ஓடி முட்டிக்கொள்ளக் கூடாது என்று பெர்சிஸ் தானே உட்கார்ந்து பேசி, அந்தத் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வேலை என்று பிரித்துக் கொடுத்திருந்தாள். ஒரு வீட்டிலிருந்து தார்பாய் வந்தது. இன்னொரு வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. கோடி வீட்டுக்காரர், சாவுக்கு வருகிறவர்கள் கொறிக்கிற சூரியகாந்தி விதையைத் தட்டில் கொண்டு வந்தார். டீக்கடை அப்துல் பாரி ரேடியோவை அணைத்துவிட்டுப் பெரிய கெட்டிலை அடுப்பில் ஏற்றினார். தெருமுனையில் இரண்டு இளைஞர்கள் சைக்கிள் ரிக்‌ஷாக்களை வேறு வழியில் திருப்பிவிட ஆரம்பித்தார்கள்.

பெர்சிஸ் இந்தப் பக்கம் ஓடி "இல்ல, இல்ல" என்றாள். அந்தப் பக்கம் தார்பாய் ஏறியது. அந்தப் பக்கம் போய் இறக்கச் சொன்னால் இந்தப் பக்கம் நாற்காலி விரிந்தது. அவள் துக்கத்தில் தடுமாறுகிறாள் என்று நினைத்து யாரோ அவளையும் ஒரு நாற்காலியில் உட்கார்த்தப் பார்த்தார்கள். எல்லாம் அவள் வைத்த ஏற்பாடு. அந்த ஏற்பாடே இப்போது அவள் பேச்சைக் கேட்கவில்லை.

டோ மியா சான் பந்தலுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். ஒருத்தி விசிறினாள், ஒருத்தி முதுகைத் தடவினாள். சொர்ணம்மாள் கையை விடவே இல்லை.

ஜேம்ஸ் அக்காவின் முழங்கையைப் பிடித்து இழுத்தான். "பாத்தியா? நான் சொன்னேன்ல. அவரு போனா மால விழுது, நீ போனா பந்தல் ஏறுது. கட்சி மானம் போகுது அக்கா. இப்படியே அந்தம்மாவக் கூட்டிக்கிட்டுக் கெளம்பு."

அவன் சொன்னது சுருக்கென்று தைத்தது. ஒரு நிமிஷம் அவளுக்கே போய்விடலாம் என்று தோன்றியது. பிறகு ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றாள்.

"யாரும் சாகல," என்று பர்மியத்தில் உரக்கச் சொன்னாள். "இந்தம்மா கட்சித் தலைமையகத்துலேர்ந்து வந்தவங்க. நான் எலெக்‌ஷன்ல நிக்கணும்னு சீட்டுக் கேட்டிருக்கேன். ஓட்டுக் கேக்கத்தான் உங்க வாசலுக்கு வந்தேன்."

தெரு அப்படியே நின்றது. கடைசி வீட்டில் ஒரு பெண் தீட்டுக் கழிய ஊதுபத்தி ஏற்றி வைத்துவிட்டுப் பட்டென்று கதவைச் சாத்தினாள். பெர்சிஸ் அதையும் பார்த்தாள்.

"அடிப் பாவி," என்றாள் சொர்ணம்மாள். "என் நெஞ்சு இன்னும் அடிச்சுக்கிட்டுக் கெடக்கு."

அப்துல் பாரி கெட்டிலோடு முன்னால் வந்தார். "டோ பெர்சிஸ், ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நீங்க வீடு வீடா வந்து ஓட்டுக் கேட்டீங்கன்னா ஓட்டுப் போட ஆளு மிஞ்சாது. பாதிப் பேரு பயத்துலயே போயிருவோம். அப்புறம் எங்களத் தூக்கவும் நீங்கதான் வரணும்."

முதலில் ஒரு கிழவர் சிரித்தார். பிறகு தெருவே சிரித்தது. பெர்சிஸும் பெஞ்சில் நின்றபடி சிரித்தாள். சிரிப்பு அடங்கிய பிறகு யாரும் நாற்காலியை மடக்கவில்லை. டீ வந்தது, விதைத் தட்டு சுற்றியது, கால்வாய்த் தண்ணீர் எந்த வீடுவரை ஏறியது, எந்த அமைச்சர் எப்போது வந்து என்ன சொல்லிவிட்டுப் போனார் என்று பேச்சு எங்கெங்கோ போனது.

"நீ வாசலுக்கு வராத," என்று சொர்ணம்மாள் தீர்ப்பாகச் சொன்னாள். "பாய் கடை பெஞ்சுல உக்காரு. எங்களுக்குப் பேசணும்னா நாங்க வர்றோம்."

டோ மியா சான் டீயைக் குடித்து முடித்தார். அவர் ஆட்களைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர், இந்த மாதிரி நேரத்தில்தான் கேள்வி கேட்பார்.

"இவங்க உங்க வீட்டுக்கு வர மாட்டாங்க. எதிர்க்கட்சிக்காரன் வருவான், கும்பிடுவான், பிள்ளையத் தூக்கிக் கொஞ்சுவான். ஓட்டுப் போடுற அன்னிக்கு வெயில்ல வரிச நீளமா இருக்கும். அப்பவும் இவங்களுக்காகப் போய் நிப்பீங்களா?"

சொர்ணம்மாளுக்குச் சிரிப்புப் போய்விட்டது. "எங்க வீட்டுக்காரரத் தூக்க வந்தப்ப தெருவுல இடுப்பளவு தண்ணி. இவ அதுல நின்னா. ஆம்பிளைங்க கால் எடுத்து வைக்க யோசிச்சாங்க. நான் வெயில்ல நிக்க மாட்டேனாம்மா?"

அவள் அதைச் சொன்னபோது பெர்சிஸ் தலையைத் திருப்பிக்கொண்டாள். அழுதுவிடக் கூடாது என்று இருந்தது. அந்தத் திருப்பத்தில் ஜேம்ஸ் கண்ணில் பட்டான். அவன் இப்போது அவளைப் பார்க்கவில்லை. பந்தலைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, உட்கார்ந்திருந்தவர்களை, நின்றவர்களை, ஒவ்வொருவராக.

சாயங்காலம் கட்சி அலுவலக மாடியில் கமிட்டி கூடியது. ஊ தெய்ன் லுவின் முதலில் பேசினார். மனிதர் நன்றாகப் பேசுவார்.

"நாடு பூராவும் நாம ஜெயிக்கப் போறோம். இந்த நேரத்துல ஏன் வம்பு? சிரிச்ச முகமா ஒரு ஆளு நின்னாப் போதும். டோ பெர்சிஸ் செய்யுறது புண்ணியம், நான் மறுக்கல. ஆனா அவங்களப் பாத்தா ஜனங்களுக்கு என்ன ஞாபகம் வரும்னு உங்களுக்கே தெரியும்."

இரண்டு மூன்று தலைகள் ஆடின. டோ மியா சான் கண்ணாடியைக் கழற்றினார்.

"காத்து நம்ம பக்கம்தான். அதுதான் எனக்குப் பயம்," என்றார். "எப்படியும் ஜெயிச்சிருவோம்னு நெனச்சு ஜனங்க வீட்டுல உக்காந்துக்கிட்டா, நம்ம தொகுதியையே நாம தோப்போம். ஜனங்கள வீட்ட விட்டு வெளிய கொண்டாந்து நிறுத்துற ஆளுதான் வேணும். காலையில மாலை பாத்தேன். மத்தியானம் ஒரு தெரு மொத்தமும் மழையில வெளிய வந்து நின்னதப் பாத்தேன். யாரும் கூப்பிடல, யாரும் காசு குடுக்கல. என் கைய ஒரு அம்மா அரை மணி நேரம் விடல. நான் எந்த ஊருக்காரின்னு அவங்களுக்குத் தெரியாது."

கை தூக்கச் சொன்னார்கள். பெர்சிஸுக்கு என்று சொன்னபோது ஒவ்வொன்றாகக் கைகள் எழுந்தன. ஜேம்ஸ் மேஜையைப் பார்த்தபடி கையை மட்டும் தூக்கினான். எண்ணிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் பெரும்பான்மை தெரிந்தது.

பெர்சிஸுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. தம்பியின் கையைப் பார்த்தபோது சீட்டுக் கிடைத்த சந்தோஷத்தைவிட அது பெரிய சந்தோஷமாக இருந்தது.

ஊ தெய்ன் லுவின் எழுந்து வந்து மரியாதையாக வாழ்த்துச் சொன்னார். போகிற போக்கில் சாதாரணமாக ஒன்று கேட்டார்.

"சங்கத்து வண்டி தொடர்ந்து ஓடுமா? எதிர்க்கட்சிக்காரன் சும்மா இருக்க மாட்டானே. இலவசமா வண்டி விட்டு ஓட்டு வாங்குறாங்கன்னு புகார் குடுப்பான்."

டோ மியா சான் பெருமூச்சு விட்டார். "அது சரிதான். எங்க வக்கீல்களும் அதையே சொல்லி அனுப்பியிருக்காங்க. டோ பெர்சிஸ், திங்கக்கெழமையிலேர்ந்து சங்கத்துல நீங்க இருக்கக் கூடாது. உங்க வீட்டுக்காரரும் வண்டிய ஓட்டக் கூடாது. எலெக்‌ஷன் முடியுற வரைக்கும்."

பெர்சிஸ் கீழே இறங்கி வந்தாள். வண்டிக்குப் பக்கத்தில் பிலிப் நின்றிருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. நடுத்தெருவில் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான். இத்தனை வருஷத்தில் அவன் அப்படிச் செய்ததில்லை.

"எம்.பி. அம்மா, ஏறுங்க வண்டியில."

"என்னங்க, இன்னொண்ணும் சொன்னாங்க."

அவள் சொல்லச் சொல்ல பிலிப் வண்டிக் கதவில் சாய்ந்துகொண்டான்.

"நீ எறங்குறது சரி. நானுமா?"

"நீங்களும்தான்."

"வேற டிரைவர் யாரு வருவா பெர்சிஸு? மாசத்துக்கு ஒருத்தன் வர்றான், ஒரு பொணத்தத் தூக்குனதும் ஓடிர்றான். நவம்பர் வரைக்கும் இந்த ஊர்ல யாரும் சாகக் கூடாதுன்னு உங்க கட்சி ஒரு சட்டம் போடுமா?"

அவன் கேலியாகத்தான் சொன்னான். குரலில் கேலி இல்லை. தான் ஜெயித்த சீட்டுக்கு இந்த மனுஷன் விலை கொடுக்கப் போகிறான் என்பது அப்போதுதான் அவளுக்கு முழுசாக உறைத்தது. என்ன சொல்வதென்று யோசிப்பதற்குள் மாடிப்படியில் ஜேம்ஸ் இறங்கி வந்தான்.

"அத்தான், சாவிய எங்கிட்ட குடுங்க. சங்கத்த நான் பாத்துக்கிறேன்," என்று கையை நீட்டினான்.

இருவரும் அவனையே பார்த்தார்கள்.

"அக்கா பேரு கெடக் கூடாதுல்ல," என்றான் ஜேம்ஸ். "வெளியாளுகிட்ட குடுத்தா நாளைக்கு என்ன ஆகும்னு தெரியாது. நான்னா வீட்டு ஆளு."

அவள் தூக்கி வளர்த்த பிள்ளை. அவன் பொய் சொல்லும்போது காது மடல் சிவக்கும் என்று அவளுக்குத் தெரியும். இப்போது சிவக்கவில்லை. ஆனால் மத்தியானம் பந்தலில் அவன் ஆட்களைப் பார்த்த பார்வையும் அவளுக்கு மறக்கவில்லை. அந்த வண்டி எத்தனை ஓட்டைக் கொண்டு வரும் என்று இன்றைக்கு அவனும் பார்த்துவிட்டான். அக்கா மேல் பாசமா, அடுத்த தேர்தல் மேல் கண்ணா? இரண்டும் இருக்கலாம். தம்பி என்பதால் இரண்டாவது இல்லை என்று ஆகிவிடாது.

பிலிப் சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டு அவளைப் பார்த்தான்.

"திங்கக்கெழமைக்கு முன்னால நாளைக்கு ஞாயித்துக்கெழம ஒரு நாள் இருக்குல்ல," என்றாள் பெர்சிஸ். "கியாக்தான்லேர்ந்து ஒரு கேஸ் வந்திருக்கு. ஆத்துல விழுந்த மீன்காரர். இன்னிக்குத்தான் கெடச்சாரு, தண்ணியில கெடந்து நாளாயிருச்சு. அத்தான் ஓட்டுவாரு. தலப் பக்கம் நான். கால் பக்கம் நீ பிடி. கொண்டாந்து சேத்துட்டு அப்புறம் சாவி கேளு."

ஜேம்ஸின் முகம் வெளுத்தது. தன் வெள்ளைச் சட்டையை ஒரு தரம் குனிந்து பார்த்தான். இனிமேல் ஏதாவது வேலை ஞாபகம் வந்துவிடும், கமிட்டி, கணக்கு என்று சொல்லிவிட்டு மேலே ஏறிவிடுவான் என்று பெர்சிஸ் காத்திருந்தாள்.

"எத்தன மணிக்கு வரணும்?" என்று கேட்டான் ஜேம்ஸ்.

கேட்ட பிறகும், சாவிக்கு நீட்டிய கையை அவன் மடக்கவில்லை.